வீட்டுக் கணிப்பொறியும் கம்பியில்லா இணைப்பும்



'கம்பியில்லா' என்னும் சொல் வானொலி கேட்டுப் பழகிய நமக்குப் புதியதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் முன்னோர், இரவு வேளைகளில் மத்திய அலையில் சென்னையையும் திருச்சியையும் தேடிப் பிடிப்பதற்காக, வானொலிப் பெட்டியை மேசைமீது இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக் கேட்டவர்கள். பகலில் எட்டாத நிலையம் இரவில் எட்டும். ஒரு திசை நோக்கி வைத்தால் கேட்காத குரல் வேறொரு திசை நோக்கி வைத்தால் தெளிவாகக் கேட்கும். இவற்றையெல்லாம் அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொண்டவர்கள் அல்லர். கேட்டே தீரவேண்டும் என்னும் ஆவலால் அறிந்துகொண்டவர்கள். இன்று நம் வீடுகளில் கணிப்பொறியை இணையத்தோடு சேர்க்கும் 'வைஃபை' என்பதும் வானொலியைப் போன்ற ஓர் அலைவழிச் செய்திப் போக்குவரத்தே. ஆனால் அதைப் பற்றி அத்தகைய ஆவல் நமக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நிறுவனத்தின் ஆள் வருகிறார். பெட்டியை எங்கோ மாட்டுகிறார். ஏதோ ஓர் எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் இந்தியிலோ வங்காளியிலோ சொல்லிப்போனது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்றுவிடுகிறது.

இந்த இணைப்பின்மீது இன்று எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் வயது முதிர்ந்த தாய்தந்தையர் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பது இதன் வழியாக. பொங்கலுக்கு ஊர் செல்லத் தட்கல் பயணச்சீட்டு எடுப்பதும் இதன் வழியாக. குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றப் பெட்டிகளுக்கு 11 மணிக்கும் முன்பதிவு தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் இணைப்பு அறுபட்டால் அந்த ஆண்டுப் பொங்கல் அயலூரிலேதான். ஆகவே, கணிப்பொறியை இந்த அலையோடு இணைக்கும் செயலைப் பிறர் கையில் முழுவதும் விட்டுவிடாமல் நாமே அறிந்து செய்துகொள்வது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு வேற்றுமையை மனத்தில் கொள்ளவேண்டும். வானொலி நிலையம் பேசுகிறது, நாம் கேட்கிறோம். நம் பெட்டி நிலையத்துக்கு மறுமொழி கூறுவதில்லை. வைஃபையிலோ இரு பக்கமும் பேசியாக வேண்டும். 'ரவுட்டர்' எனப்படும் பெட்டி கணிப்பொறியோடு பேசுகிறது. கணிப்பொறியும் தன் சிறிய குரலில் பெட்டிக்கு விடை சொல்கிறது. பெட்டியின் குரல் பெரும்பாலும் ஓங்கியது. மடிக்கணிப்பொறி, கைப்பேசி ஆகியவற்றின் குரல் மெலிந்தது. திரையில் அலைக்குறி ஓரளவு நன்றாகத் தெரிந்தும் வேலை நடக்காமல் போவதுண்டு அல்லவா? பெட்டி சொல்வது நமக்குக் கேட்கிறது. நாம் சொல்வது பெட்டிக்கு எட்டவில்லை என்பதே அங்குப் பலமுறை நிகழ்வது.

இவ்வகைச் சிற்றலைகளின் வரலாற்றில் கொல்கத்தாவுக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் அந்நகரில் பொதுமக்கள் முன்னிலையில், மிகக் குறுகிய மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். நூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல், கணிப்பொறிகள் கம்பியின்றிப் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை முதன்முதல் வெளியாயிற்று. 'வைஃபை' என்னும் வணிகப் பெயர் 1999-இல் சூட்டப்பட்டது. நம் நாட்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் அரசு விதி செய்தது. வானொலிப் பெட்டிக்கே ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தை நம்மிற் பலர் அறிவோம். கேட்பதற்கு மட்டும் அன்று உரிமம் வேண்டியிருந்தது. இன்றோ ஒவ்வொரு வீடும் உரிமம் இன்றியே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். உரிமம் வேண்டா என்றதனால் பொறுப்பும் வேண்டா என்று ஆகிவிடவில்லை. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இணைப்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு வழிகள் அடங்கியிருக்கின்றன. தெருவிலிருந்து கண்ணாடியிழையாகவோ செப்புக் கம்பியாகவோ வீட்டுப் பெட்டி வரையில் வருவது ஒன்று. பெட்டியிலிருந்து கணிப்பொறி வரையில் காற்றில் வருவது மற்றொன்று. முன்னது நிறுவனத்தின் பொறுப்பு. பின்னது நம் பொறுப்பு. இந்த வேறுபாட்டை அறியாமல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டுக்கொண்டிருப்போர் பலர். அவர்கள் வந்து கம்பியைச் சோதித்து, 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிப் போனால் அதில் பொய் இருக்கவேண்டும் என்பதில்லை. ஐயம் தீர எளிய வழி உண்டு. பெட்டியோடு வரும் சிறு கம்பியால் கணிப்பொறியைப் பெட்டியுடன் நேரே இணைத்துப் பாருங்கள். கம்பி வழியே நன்றாக ஓடி, காற்று வழியே ஓடவில்லையாயின் குறை வீட்டினுள் இருக்கிறது. கம்பி வழியேயும் ஓடவில்லையாயின், அப்போது முறையிடலாம், துணிவாகவே முறையிடலாம்.

இனி இணைக்கும் செயலுக்கு வருவோம். மடிக்கணிப்பொறிகள் எல்லாவற்றிலும் இந்த அலையை வாங்கும் உறுப்பு உள்ளேயே அமைந்திருக்கிறது. மேசைக் கணிப்பொறிகளிற் பலவற்றில், பழையனவற்றில் குறிப்பாக, அது இராது. அதற்காகப் புதுக் கணிப்பொறி வாங்கவேண்டியதில்லை, யு.எஸ்.பி. துளையில் செருகும் கட்டைவிரல் அளவான கருவி ஒன்று போதும். வாங்கும்போது, 2.4, 5 என்னும் இரண்டு அலைவரிசைகளையும் வாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்குவது நலம். ஒன்றை மட்டும் வாங்கும் கருவியாயின், பெட்டி மற்றதில் எவ்வளவு விரைவாகப் பேசினாலும் அதன் காதில் விழாது.

விண்டோஸ் கணிப்பொறியில் திரையின் கீழே வலப்பக்க மூலையில் விசிறி போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் அக்கம்பக்கத்து வலையமைப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். பெயர் ஒன்றும் தோன்றாவிடில், விமானப் பயணத்துக்குரிய நிலையில் கணிப்பொறி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழந்தைகளின் விரல் பட்டு அது மாறிப்போவது சாதாரணம். நம் பெட்டியின் பெயரைத் தேர்ந்து, கடவுச்சொல்லை இட்டால் இணைப்பு முடிந்தது. கடவுச்சொல்லில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் சுழியத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் வேறுபாடு காண்பது பொற்கொல்லரின் கண்ணுக்கே உரிய வேலை. கைப்பேசியில் அச்சீட்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது நல்லது. இந்தக் கணிப்பொறியை மற்றக் கணிப்பொறிகள் காணலாமா என்று கேட்கப்பட்டால், வீட்டில் அச்சுப்பொறி போன்றவற்றைப் பகிர்ந்துகொள்ளும் தேவை இருந்தாலன்றி வேண்டா என்றே விடை தருக.

கடவுச்சொல் சரியாக இருந்தும் கணிப்பொறி மறுத்துக்கொண்டே இருப்பதும் உண்டு. பெட்டியில் கடவுச்சொல்லை மாற்றியபின் கணிப்பொறி பழைய சொல்லையே நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே நீட்டுவதனால் இது நேர்கிறது. அந்த வலையமைப்பை 'மறந்துவிடு' என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டு, மீண்டும் புதிதாக இணைத்தால் சரியாகும். 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்னும் அறிவிப்பு வேறு வகை. அங்குக் கணிப்பொறிக்கும் பெட்டிக்கும் உறவு நன்றாகவே இருக்கிறது; பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே உள்ள வழிதான் அடைபட்டிருக்கும். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மறுபடியும் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே வேறு எதையும் தொடவேண்டும். இந்தச் சிறு சிகிச்சையை ஏளனம் செய்யும் நண்பர்கள் உண்டு. ஆனால் வந்து பார்க்கும் நிபுணரும் முதலில் அதைத்தான் செய்கிறார்.

அடுத்து, பெட்டியின் இருப்பிடம். வேண்டாத செலவுகளிற் பெரும்பாலானவை இதைக் கவனியாததனால் நேர்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை, வீட்டையும் மரத்தையும் பொருட்படுத்தாமல் ஊரைக் கடந்து வந்தது. இந்தச் சிற்றலைக்கோ சுவர் ஒன்று குறுக்கிட்டாலும் களைப்பு உண்டாகிறது. இரும்பு பீரோ அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அப்படியே. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. மீன் தொட்டிக்கும் நீர்த் தொட்டிக்கும் பின்னால் பெட்டியை வைப்பது வீண். அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அது சாம்பாரைச் சூடாக்கும் வேளையில் பக்கத்திலுள்ள கணிப்பொறியில் தாயின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு ஊரிலுள்ள இணைப்பைக் குறை கூறிப் பயனில்லை.

கம்பியைச் சுருக்கமாக முடிக்க விரும்பும் ஊழியர், வாசற்கதவை ஒட்டிச் செருப்பு அலமாரிக்கு மேலேயோ, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலோ இதை மாட்டிவிடுகிறார். வீட்டின் ஒரு கோடியில் மாட்டினால் அலையில் பாதி மாடிப்படிக்கும் அண்டை வீட்டுக்கும் போகிறது. அவர் வரும்போதே இன்னும் பத்து மீட்டர் கம்பி கேட்டு, வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல்லவேண்டும். கூடுதல் கம்பிக்கு ஏதேனும் கேட்டால் கொடுத்துவிடலாம். பிறகு வாங்கும் அலைபெருக்கிக் கருவியின் விலையைவிட அது குறைவாகவே இருக்கும். பெட்டியின் மேல் உள்ள குச்சிகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. குச்சி நிமிர்ந்து நின்றால் அலை அதன் பக்கவாட்டில் சுற்றிலும் பரவுகிறது. முனையின் நேர் திசையில் மிகக் குறைவாகவே போகிறது. ஒரே தளத்து வீட்டில் அவை செங்குத்தாக நிற்கட்டும். மேல்தளத்துக்கும் எட்டவேண்டுமாயின் ஒன்றைப் படுக்கையாகச் சாய்க்கலாம். நம் பெரியவர்கள் வானொலியைத் திருப்பிப் பார்த்த வித்தைக்கு இதுவும் உறவுதான்.

ஊருக்கு ஊர் இடையூறு வேறுபடுகிறது. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் செங்கற்சுவர்கள் கனமானவை; அங்கே தூரத்தைவிடச் சுவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். எத்தனை சுவர் குறைகிறதோ அத்தனை நலம். தில்லியில் கீழே வீட்டுக்காரரும் மேலே நாமுமாக வாழும் வீடுகளில், இரும்புக் கம்பி பின்னிய காரைத்தளமே அலைக்குப் பகை. கீழே உள்ள பெட்டியிலிருந்து மேலே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வாடகை பேசும்போது சொல்லப்படும் வாக்கைச் சோதித்துப் பார்த்தே ஏற்கவேண்டும். மும்பையின் சிறு வீடுகளில் சுவரும் தளமும் அவ்வளவு துன்பம் தருவதில்லை. வீடே இரண்டு அறைதான். அங்குத் துன்பம் தருவது கூட்டம். மாட்டுங்காவில் ஓர் அடுக்குமாடியில் கணிப்பொறியைத் திறந்தால் முப்பது நாற்பது பெயர்கள் தோன்றுவதில் வியப்பில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படாத அலைத்தடங்கள் 1, 6, 11 என மூன்றே. நாற்பது வீட்டாரும் அந்த மூன்று தடங்களில் ஏறி நின்று பேசினால், திருமணப் பந்தியில் நிகழ்வதுதான் நிகழும். இத்தகைய வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸையே தேர்ந்துகொள்ளவேண்டும். அதில் தடங்கள் மிகுதி. சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. அந்தக் குறைவும் இங்கே நன்மையாகிறது. அண்டை வீட்டார் அலை நம் வீட்டுக்குள் அவ்வளவாக நுழைவதில்லை.

இருப்பிடம் தவறினால் வேலைதான் கெடும். சாவி தவறினால் பெயரே கெடும். கடவுச்சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றுக்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. காவல் துறையினர் அதன் தடத்தைத் தொடர்ந்து சென்றனர். தடம் நவிமும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்தது. அங்குக் குடியிருந்தவர் வேலைநிமித்தம் வெளியிலிருந்து வந்து தங்கியிருந்தவர். கணிப்பொறிகள் கைப்பற்றப்பட்டன, அவர் நெடுநேர விசாரணைக்கு உட்பட்டார். அவருடைய கம்பியில்லா இணைப்புக்குப் பூட்டு இல்லை. யாரோ அதில் நுழைந்து அஞ்சலை அனுப்பியிருந்தனர். அச்செயலில் அவருக்குப் பங்கில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டில், கம்பியில்லா இணைப்புகளைக் காப்பான முறையில் அமைக்கவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

பிழைக்க வந்த ஊரில், மொழியும் அரைகுறையாய், வாடகை வீட்டில் இருக்கும் நம்மிடம் அப்படி ஒரு விசாரணை வந்தால், முடிவில் குற்றமற்றவர் என்று தெளியலாம். ஆனால் அதற்குள் வீட்டுக்காரரும் அலுவலகமும் தெருவும் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? வெளியுலகத்துக்குத் தெரிவது பெட்டியின் முகவரி ஒன்றே. அதன் பின்னால் இருந்தவர் நாமா, நம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எவரோ என்று அந்த முகவரி சொல்லாது.

இன்று பூட்டே இல்லாத பெட்டி அரிது. எளிதில் திறக்கும் பூட்டு அரிதன்று. ஊழியர் வைத்துப்போகும் கடவுச்சொல் பல வீடுகளில் நம் கைப்பேசி எண்ணாகவோ, நம் பெயரோடு 1, 2, 3 சேர்ந்ததாகவோ இருக்கிறது. கைப்பேசி எண் பால்காரருக்கும் தெரியும். பழைய 'டபிள்யூ.ஈ.பி.' முறைப் பூட்டை உடைக்கும் வழி 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. பழைய பெட்டியில் அது இருக்குமாயின் பெட்டியையே மாற்றுவது அறிவுடைமை. 2004-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 2018-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.3' என்பது நம் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் காணப்படவேண்டும். அந்தப் பக்கத்துக்குள் நுழைவதற்கும் தனியே ஒரு கடவுச்சொல் உண்டு. அது தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்துவிடுவது, தெருக்கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டுச் செய்தவனின் மாற்றுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். இரண்டையும் மாற்றவேண்டும்.

புதிய சொல் எப்படி இருக்கவேண்டும்? எட்டு எழுத்துக்குக் குறையலாகாது. 63 எழுத்து வரையில் நீளலாம். தமிழ் எழுத்துகளைப் பெரும்பாலான பெட்டிகள் ஏற்பதில்லை. ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாமே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நமக்கு நினைவில் நிற்கும், பிறர்க்கு எட்டாது. ஆட்டுக்கல், குடை, பல்லி, திங்கட்கிழமை என்பது போல. இந்த நான்கையே வைத்துக்கொள்ளவேண்டா. இப்போது அது ஊரறிந்த இரகசியம் ஆகிவிட்டது. குலதெய்வத்தின் பெயரும் குழந்தையின் பெயரும் கூடா. தெய்வம் காக்கும் என்பது உண்மையாயினும் கடவுச்சொல் வேலையை அதன்மேல் சுமத்துவது முறையன்று.

இங்கே ஓர் இக்கட்டு உண்டு. உறைமோர் கேட்டு வரும் அண்டை வீட்டு அக்காவுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள் நாம். அயலூரில் அந்தக் கொடுக்கல் வாங்கலே உறவு. அந்த அக்காவின் மகன் தேர்வுக்காகக் கடவுச்சொல் கேட்டால் எவ்வாறு மறுப்பது? மறுக்கவேண்டியதில்லை. இன்றைய பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் விருந்தினர்க்கெனத் தனி வலையமைப்பு ஒன்றை வேறு பெயரில், வேறு சொல்லில் திறக்கலாம். அதில் வருவோர் இணையத்தைப் பெறுவர். பொதுவாக நம் கணிப்பொறியை எட்டார். தேர்வு முடிந்ததும் அதை மூடிவிடலாம். அதன் வழியாகவும் வெளியே செல்வது நம் முகவரியே என்பதனால், அறிந்தவர்க்கு மட்டுமே கொடுக்கவேண்டும். அவர்கள் பிறர்க்குச் சொல்லலாகாது என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிடவேண்டும். இதனால் உறவு குறைந்துவிடாது.

நம்மிற் பலருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உண்டு. பெட்டியை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும்முன், அதன் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவில் உள்ள சிறு துளையில், உள்ளே இருக்கும் பொத்தானை விளக்குகள் அணைந்து எரியும் வரையில் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நம் பெயரும் சொல்லும் அழிந்துவிடும். பழைய கணிப்பொறியை விற்பதானால் அதன் நினைவிலும் இவை இருக்கும், துடைத்துவிட்டே கொடுக்கவேண்டும். புதிய ஊரில் புதுப் பெட்டி வந்ததும், ஊழியர் புறப்படும்முன், பழைய வீட்டில் வைத்திருந்த அதே பெயரையும் அதே நீண்ட சொல்லையும் அதில் இடச் சொல்லுங்கள். எழுத்து ஒன்றுகூட மாறலாகாது. பூட்டின் வகையும் முன்போலவே இருந்தால், மூட்டையிலிருந்து எடுத்து வைக்கும் கணிப்பொறியும் கைப்பேசிகளும் ஊர் மாறியதை அறியாமல் தாமே இணைந்துகொள்ளும். அன்று மாலையே ஊருக்குப் பேசலாம்.